'இதனால் என்ன பிரயோஜனம்?'

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று சாய்ந்த நேரத்தில் சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். நலம் விசாரித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"அப்பா, நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அவள் என்றால் என் பேத்தி. எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருக்கிறாள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. அது வேண்டாம், ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். பழைய மருத்துவச் சுவடிகளில் பெயர் வருகிற மூலிகைகள் இன்றைக்கு நாம் பார்க்கிற எந்தெந்தச் செடிகள் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகச் சுவடி எழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டாளாம்.

"ஓலைச்சுவடிய வச்சிக்கிட்டு அஞ்சு வருஷம் என்னப்பா பண்ணப்போறா? தாவரவியல்லயும் சேராது, தமிழ்லயும் சேராது. இதனால என்ன பிரயோஜனம்?"

எனக்குச் சுருக்கென்றது. அது அவன் கேள்வி இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே கும்பகோணத்தில், இதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட கேள்வி.

1973-ம் வருஷம். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் வங்கியில் காசாளர். என் தம்பி எம்.ஏ. வரலாறு முடித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். கல்வெட்டுகளில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் போய்விடுவான். சுவர்களில் இருப்பதை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வருவான். அவனுடைய பேராசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினார். அம்மா என்னைக் கைகாட்டினார்.

நான் அவரிடம் கேட்டேன். "கோயில்ல எவனோ விளக்கெரிக்க ஆடு குடுத்தான், நெலம் குடுத்தான்னு எழுதியிருக்கு. அத மறுபடி எழுதி வச்சிக்கிட்டு என்ன சார் பிரயோஜனம்?"

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, "அது இப்பவே தெரிஞ்சிட்டா ஆராய்ச்சி எதுக்கு சார்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாதத்துக்காகச் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். தம்பி சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினான். அரசு வேலைக்குப் போனான், நல்ல பெயரோடு ஓய்வும் பெற்றான். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, அந்தப் பேராசிரியர் சொன்ன பதில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

முதலில் ஒரு ஜப்பானியர். நொபொரு கராஷிமா என்று பெயர். நான் தம்பியைத் தடுப்பதற்குச் சில வருஷங்கள் முன்னாலேயே அவர் இங்கே வந்து சோழர் கல்வெட்டுகளைப் படித்திருக்கிறார். திருச்சிப் பக்கத்து அல்லூரையும் அதை ஒட்டிய ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டு, யார் யாருக்கு நிலம் விற்றார்கள், நிலம் தனி ஆள் பெயரில் இருந்ததா, ஊர்ப் பொதுவில் இருந்ததா என்று வரிவரியாகப் பார்த்தார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கையில் இருந்தது; அல்லூரில் ஊராருக்குப் பொதுவாக இருந்தது என்று காட்டினார். பிறகு எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் கணினியின் உதவியோடு தொகுத்து 1978-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ராஜாக்களின் சண்டையை மட்டும் வரலாறு என்று படித்த நமக்கு, நிலம் யாரிடம் இருந்தது, அது எப்படிக் கைமாறியது என்கிற வரலாறு இப்படித்தான் கிடைத்தது. ஆடு கொடுத்ததும் நிலம் கொடுத்ததும்தான் அதற்கு ஆதாரம்! எதை நான் பிரயோஜனமில்லை என்றேனோ, அதைப் படிக்க ஒருவர் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

அடுத்தவர் டி.டி. கோசாம்பி. இவரைப் பற்றிப் படித்தபோது ஒரு பழைய காசாளர் என்ற முறையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. சில்லறை மூட்டைகளை எண்ணி மாளாதபோது தராசில் வைத்துப் பார்ப்போம். புதுக் காசு மூட்டையும், ஊரெல்லாம் புழங்கித் தேய்ந்த காசு மூட்டையும் ஒரே எடை காட்டாது. எங்களுக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். கோசாம்பி அந்தத் தொந்தரவிலிருந்தே வரலாறு எழுதினார். அவர் கணித மேதை. புனேயில் வீடு, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ரயிலில் போய்வருவார். தட்சசீலத்தில் புதையலாகக் கிடைத்த பழைய வெள்ளி முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக நுட்பத் தராசில் நிறுத்தார். கைமாறக் கைமாறக் காசு தேயும். அதிகம் புழங்கியது அதிகம் இளைத்திருக்கும். பின்பக்கத்து முத்திரைகள் கூடக்கூட எடை குறைந்துவருவதைப் புள்ளியியல் கணக்குப் போட்டுக் காட்டினார். எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல அது ஒரு வழியானது.

இதே மனிதர் 1944-ல் மரபணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். பயிர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைக் கோசாம்பி பெயரிலேயே பயன்படுத்துகிறார்கள். 1956-ல் வந்த அவருடைய இந்திய வரலாற்று நூலை வரலாறு படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவரை எந்தத் துறை வகுப்பில் உட்காரவைப்பது? "இதுலயும் சேராது, அதுலயும் சேராது" என்று என் மகன் சொன்னானே, கோசாம்பிக்கும் அது பொருந்தும்.

கும்பகோணத்துக்காரன் ராமானுஜனைச் சொல்லாமல் விடமுடியுமா? அவரை இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டி, 1940-ல் எழுதிய ஒரு சிறு புத்தகத்தில், தான் செய்த கணிதம் எதுவும் உலகத்துக்கு உபயோகப்படவில்லை என்று ஏறக்குறையப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். பகா எண்களைப் பற்றிய எண் கணிதம் அவருக்கு உயிர். 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்ற மூவர் அந்தப் பகா எண்களைக் கொண்டே ரகசியச் செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை அமைத்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது; பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பது மகா கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் பூட்டு. கணினி வழி வங்கிச் சேவை நம்பகமாக வளர இந்த வகைப் பூட்டுகளும் ஒரு காரணம். உபயோகமில்லை என்று செய்தவரே சொன்ன விஷயம், நாம் வங்கிக்குப் போகாமலே பணம் அனுப்ப உதவுகிறது.

கடைசியாக, பேத்தியின் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. சீனாவில் து யூயூ என்ற பெண்மணி 1969-ல் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலையில் இறங்கினார். பழைய மருத்துவ நூல்களையும் நாட்டு வைத்தியக் குறிப்புகளையும் துருவிப் பார்த்து, ஒருவகை மாசிபத்திரிச் செடிக்கு வந்து நின்றார். ஆனால் அதைக் காய்ச்சி எடுத்த சாறு ஒரு சமயம் வேலை செய்தது, ஒரு சமயம் செய்யவில்லை. மறுபடி ஏட்டைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் எழுதிய நூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் இருந்தது. காய்ச்சச் சொல்லவே இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக்கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971-ல் பலன் கிடைத்தது. அந்தச் செடியின் பெயரிலும் குழப்பம் இருந்தது. ஒரே பெயரில் பல செடிகள். எது சரியான செடி என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டி வந்தது. ஆர்டிமிசினின் என்ற அந்த மருந்தால் பிழைத்த உயிர்கள் ஏராளம். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பழைய எழுத்தைக் கவனமாகப் படித்த கண்ணும் வேண்டியிருந்தது, சோதனைக் குழாயைப் பிடித்த கையும் வேண்டியிருந்தது. இரண்டில் எது பெரியது என்று யார் சொல்வது?

நம் ஊரிலும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. பிராமி என்று கேட்டால் வடக்கே பல இடங்களில் வல்லாரையைக் கொடுப்பார்கள். கேரளத்தில் நீர்ப்பிரமியைக் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். தஞ்சை சரசுவதி மகாலில் மருத்துவச் சுவடிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் வரும் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று சொல்லத் தமிழும் தெரிந்து தாவரமும் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

இப்படியெல்லாம் எழுதுவதால், ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்ட எதற்கும் நான் கொடி பிடிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பதவி உயர்வுக்காக வெட்டி ஒட்டி ஏடு தயாரிக்கிறவர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒழுங்காகச் செய்த ஆராய்ச்சியிலும் எல்லாமே மருந்தாகவும் பூட்டாகவும் முடிவதில்லை. பல அலமாரியிலேயே இருக்கும். ஆனால் எது அலமாரியில் தங்கும், எது ஐம்பது வருஷம் கழித்து உயிர் காக்கும் என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் நட்சத்திரத்தைப் பார்ப்பவர், தவளையை ஆராய்பவர், வேற்றுமை உருபை ஆராய்பவர், கல்லைப் படிப்பவர் என்று எல்லோரும் வேண்டியிருக்கிறது. உபயோகம் வராவிட்டாலும், நம் முன்னோர் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்வதும் ஒரு லாபம்தானே?

1973-ல் நான் பயந்ததிலும் நியாயம் இருந்தது. வீட்டில் ஒரே சம்பளம். தங்கை கல்யாணம் பாக்கி. அந்த நிலைமையை இன்றும் நான் மறுக்கவில்லை. ஆனால் "நம்மால் இப்போது முடியாதுடா தம்பி" என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அவன் ஆசைப்பட்ட படிப்பையே பிரயோஜனமில்லை என்றேன். முன்னதைத் தம்பி சகித்திருப்பான். பின்னது அவன் மனசில் இருந்ததையே மட்டம் தட்டிவிட்டது.

மகனிடம் நான் சொன்னது இதுதான்: "அந்தக் கேள்வியை விடு. வேற மூணு கேள்வி கேளு. அஞ்சு வருஷமும் விடாம செய்வாளா? வழிகாட்டப்போறவர் நேர்மையானவரா, விஷயம் தெரிஞ்சவரா? உதவித்தொகை மாசாமாசம் வந்து சேருமா, வராட்டி நம்ம கை குடுக்க முடியுமா? மூணுக்கும் பதில் இருந்தா அவளப் போகவிடு."

அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றான். நான் அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை.

போன பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லோருமாகப் பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோயிலுக்குப் போனோம். பிராகாரம் சுற்றி வந்தபோது அவனைக் காணோம். தெற்குச் சுவர் ஓரம் குனிந்து, எழுத்துகள் மேல் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். பேத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "பாதி எழுத்து மறந்துபோச்சு அண்ணே" என்று சிரித்தான்.

மகன் போனை வைத்ததும் நான் பேத்தியைக் கூப்பிட்டு, சின்னத் தாத்தாவிடம் பேசச் சொன்னேன். அவள் ஏற்கெனவே பேசிவிட்டாளாம். அவனுடைய பழைய நோட்டுகள் பரணில் இருக்கின்றனவாம். எடுத்துத் தூசி தட்டி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

என் வயது நண்பர்களே, பேரன் பேத்திகள் விஷயத்தில் இன்றும் நம் வார்த்தைக்கு வீட்டில் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்துக் கேளுங்கள். நான் யோசிக்காமல் கேட்டவன்.