விழித்திரையைப் பார்த்தோமா?

சர்க்கரை நோயுடையவர் ஒருவர், "ஆண்டுதோறும் கண் காட்டுகிறேன், கண்ணாடியும் மாற்றிவிட்டேன்" என்று கூறினால் வீட்டார் நிம்மதியடைகின்றனர். ஆனால் அவருடைய விழித்திரை பரிசோதிக்கப்பட்டதா? அதற்கு விடை நினைவில் அன்று, கோப்பில் இருக்க வேண்டும்.

வழிகாட்டு நெறிகள் தெளிவானவை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவுடனேயே முதல் விழித்திரைப் பரிசோதனை. பின்னர், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையில் பாதிப்பு தொடங்கிவிடும். உரிய காலத்தில் லேசர் அல்லது ஊசி மருந்து அளித்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். இழந்ததை மீட்பது அரிது.

இந்நெறிகளை எத்தனை பேருக்குக் கடைப்பிடித்தோம் என மருத்துவர்களாகிய நாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சில கோப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, விழித்திரையைப் பார்த்த முறை, கண்ட நிலை, அடுத்து வரவேண்டிய நாள் ஆகிய மூன்றும் பதிவாகியுள்ளனவா என ஆராயலாம். 'செய்தோம், எழுத மறந்தோம்' என்னும் சமாதானத்தை ஏற்கலாகாது. அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு எழுத்தே சான்று. குறித்த நாளில் வராதவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவருக்கு நினைவூட்டாதது எங்கள் குறையே.

உங்கள் பங்கும் உண்டு. கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகவே வண்டி ஓட்டாமல் துணையுடன் வாருங்கள். புறப்படுமுன், "விழித்திரையைப் பார்த்தீர்களா? மீண்டும் எப்போது வரவேண்டும்?" என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பதை நாங்கள் குறையாக எண்ண மாட்டோம்.