முதல் கையொப்பம்

ஒருவர் எந்த நாளில் பெரியவராகிறார் என்று சட்டத்தைக் கேட்டால், அது தயங்காமல் விடை சொல்லிவிடும். 1875-ஆம் வருஷத்துச் சட்டப்படி 18 வயது நிரம்பினால் போதும். வாக்குரிமை விஷயத்தில் மட்டும் சர்க்கார் நெடுங்காலம் யோசனை செய்து, 1989-ல் தான் 21 என்பதை 18 ஆகக் குறைத்தது. ஆனால் பதினெட்டாவது பிறந்த நாளன்று கண்ணாடியில் புதிய மனிதர் ஒருவரைக் கண்டதாக எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

நம்மைக் கேட்டால், பள்ளிக்கூடத்துக்கும் கலாசாலைக்கும் இடையே கிடந்த இரண்டு மாதங்களில் தான் அந்த அதிசயம் நடந்தது என்போம்.

நம் பெற்றோர் காலத்தில் பதினொரு வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன் பின் கலாசாலையில் ஒரு வருஷம் பி.யு.சி. வகுப்பு. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் ஏற்பட்டதும், நாம் பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளிப் பிள்ளைகளாகவே இருக்கும்படி ஆயிற்று. 1990-களில் மார்ச் மாதம் பரீட்சை முடியும். மே மாதம்வரை முடிவு வராது. அதுவரையில் நாம் மாணவரும் அல்ல, உத்தியோகஸ்தரும் அல்ல. "என்ன செய்கிறாய்?" என்று கேட்பவரிடம் "ரிசல்டுக்குக் காத்திருக்கிறேன்" என்று சொல்வதே ஒரு பதவியாக இருந்தது! முடிவு வந்த அன்று மாலைப் பத்திரிகையின் எண் வரிசையில் நமது எண்ணைக் கண்ட பிறகும், நம்பாமல் மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது சான்றிதழ் யாத்திரை. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் தந்தார்கள். முதல் பெஞ்சுக்காரனுக்கும் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் அதில் நடத்தை 'நன்று' தான். உபாத்தியாயர்களின் கருணை அவ்வளவு பெரியது! பிறகு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். கிராம நிர்வாக அதிகாரியைப் பார்த்து, வருவாய் ஆய்வாளரைப் பார்த்து, கடைசியில் தாசில்தார் காரியாலயத்தில் காத்து நிற்க வேண்டும். நகல்களில் பச்சை மையால் கையெழுத்திடக் கெஜட்டெட் அதிகாரி ஒருவரைத் தேட வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பெயரைப் பதிய வேண்டும்.

அன்று தகப்பனார் உடன் வரவில்லை. "நீயே போய்விட்டு வா" என்றார். அந்தச் சொற்களை நாம் இன்னும் மறக்கவில்லை. நேற்றுவரை "டேய்" என்று அழைத்த ஊரார், கையில் காகிதக் கட்டைக் கண்டதும் "என்ன தம்பி, எந்தக் காலேஜ்?" என்று விசாரித்தார்கள். விண்ணப்பத்தின் அடியில் கையொப்பமிட வேண்டுமே என்று, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் நிறைய எழுதிப் பார்த்தோம். தலைப்பெழுத்தில் தகப்பனார், பெயரில் நாம். இருவரும் சேர்ந்தே தாசில்தார் முன் நின்றோம் என்று சொல்லலாம்.

இந்த இனிமை எல்லோருக்கும் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்மோடு படித்த பெண்களில் சிலருடைய மதிப்பெண் சான்றிதழ் நேரே பெட்டிக்குள் போயிற்று. அதற்குப் பின் அவர்கள் இட்ட கையொப்பம் கல்யாணப் பதிவேட்டில் தான். இப்போது காலம் திரும்பியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் ஆரம்பமாயிற்று. நம் வகுப்புப் பெண்கள் இன்று விண்ணப்பங்களைப் பற்றி நம்மிடம் உரிமையோடு கேட்கிறார்கள்; கேட்கும்போது நம் மனம் குளிர்கிறது.

ஆயினும் ஒரு கவலை உண்டு. இன்று சான்றிதழ்களை இ-சேவை மையத்திலேயே பெறலாம். அலைச்சல் குறைந்தது நல்லதே. தாசில்தார் காரியாலயத்து வெயிலுக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தை நிரப்புகிறவர் தந்தை. ரகசிய எண் வந்து சேர்வது தாயாரின் கைபேசிக்கு. பிள்ளையோ அந்த இரண்டு மாதமும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் அடைபட்டிருக்கிறான். பதினெட்டு வயது வந்துவிடுகிறது. பெரியவனாகும் சந்தர்ப்பம் மட்டும் வருவதில்லை.

பெற்றோர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: காகிதமாயினும் கணினியாயினும், பிள்ளைகளே நிரப்பட்டும். பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். வங்கிக்கோ கலாசாலைக்கோ ஒரு தடவையாவது அவர்களைத் தனியே அனுப்புங்கள். "நீயே போய்விட்டு வா" என்பதற்கு இணையான ஆசீர்வாதத்தை நாம் வேறெங்கும் பெறவில்லை.