காக்கையையும் எழுதுங்கள்

பறவை பார்ப்பவர்களிடம் ஒரு பழைய வியாதி உண்டு. அபூர்வமான ஒன்றைத் தேடி ஐம்பது கிலோமீட்டர் போவார்கள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டிருக்கும் மைனாவை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்கள். 'மைனாதானே' என்கிற அந்த அலட்சியத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தியா ஒரு முறை பார்த்துவிட்டது.

எண்பதுகளில் யாரிடமாவது பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சோவியத் விலங்கியலாளர் கலுஷின், வெண்முதுகுக் கழுகுகள் தில்லி நகருக்குள்ளேயே சுமார் 400 ஜோடிகள் கூடு கட்டுவதாக 1971ல் எழுதினார். எங்கும் நிறைந்திருக்கும் பறவையை வருடா வருடம் எண்ண யாருக்குத் தோன்றும்? நல்ல வேளையாக, பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் எண்ணி வைத்திருந்தார். 1987-88ல் அங்கே 353 கூடுகள். 1998-99ல் இருபது. 2003ல் ஒன்றுகூட இல்லை. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணிதான் காரணம் என்று 2004ல் நிரூபணமாயிற்று. 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தருவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 1992ல் ஆயிரம் வெண்முதுகுக் கழுகுகள் இருந்த இடத்தில் 2007ல் மிஞ்சியது ஒன்று. பழைய எண்ணிக்கை எங்கோ ஓரிடத்தில் பதிவாகியிருந்ததால்தான் வீழ்ச்சியின் வேகம் புரிந்தது.

வீட்டுத் தோட்டத்தில் பறவைகளை எண்ணுவது பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். (பொழுதும் போகிறது என்பது வேறு விஷயம்.) ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட்' நடக்கிறது. 1998ல் அமெரிக்காவில் தொடங்கிய இது, 2013ல் இந்தியாவுக்கு வந்தது. நம் ஆட்கள் அதோடு விடவில்லை. தமிழ்நாட்டில் பொங்கலுக்கு ஒரு கணக்கெடுப்பு, கேரளத்தில் ஓணத்துக்கு, அசாமில் பிஹுவுக்கு என்று பண்டிகைகளோடு சேர்த்துவிட்டார்கள்.

முறை சுலபமானது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் உட்கார வேண்டும். பார்த்ததையும் குரல் கேட்டு அடையாளம் தெரிந்ததையும் எல்லாம் எழுத வேண்டும். காக்கை, மாடப்புறா உட்பட. புதியவர்கள் தடுமாறுவது எண்ணிக்கையில்தான். முதலில் மூன்று மைனா வருகின்றன, போகின்றன. பிறகு நான்கு வருகின்றன. ஏழு என்று எழுதக் கூடாது. அதே மூன்றுதான் திரும்பி வந்திருக்கலாம். ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்சம், நான்கு என்பதே கணக்கு. ஆனால் கறுப்பு நிற ஆண் தேன்சிட்டு போன பிறகு மஞ்சள் வயிற்றுப் பெண் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, இரண்டு. தவிட்டுக் குருவிகள்தான் படுத்தி எடுக்கும். இந்தியில் 'சாத் பாய்', ஏழு சகோதரர்கள் என்று பெயர். ஏழோடு நிற்காமல் பத்துப் பன்னிரண்டாக வந்து, இலைச் சருகைக் கிளறி, எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடும்.

தில்லியில் தமிழர் வீட்டுப் பின்புறம் என்றால் ஒரு கறிவேப்பிலையாவது இருக்கும். பக்கத்தில் ஒரு எலுமிச்சையும் இருந்தால் தையல்சிட்டு, கொண்டைக் குருவி, தேன்சிட்டு மூன்றும் நிச்சயம். குளிர்காலத்தில் வாலாட்டி வரும். அது எந்தத் தேதியில் வந்தது, எப்போது காணாமல் போனது என்று வருடம் தவறாமல் குறித்து வைக்க வீட்டைவிடச் சிறந்த இடம் ஏது? சரணாலயத்துக்கு வருடம் ஒரு முறைதான் போவோம். ஜன்னலருகே தினமும் நிற்கிறோம்.

இந்தக் குறிப்புகள் எங்கே போகின்றன? ஈபேர்ட் என்ற இணையத் தொகுப்புக்கு. 30,000க்கும் மேற்பட்டவர்கள் தந்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 2023ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை தயாரிக்கப்பட்டது. 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு அதிகக் கவனம் தேவை என்றது. மயில், குயில், மாடப்புறா பெருகுகின்றன. தந்திக் கம்பியில் உட்கார்ந்து நீலச் சிறகை விரிக்கும் பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது. ஊரெல்லாம் ஒப்பாரி வைத்த சிட்டுக் குருவி விஷயத்திலும் 2020ல் வந்த முதல் அறிக்கை சற்று ஆறுதல் சொன்னது: நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, ஆறு பெருநகரங்களில்தான் சரிவு. செல்போன் கோபுரத்தின் மேல் மொத்தப் பழியையும் போட்டவர்களிடம் இப்படி ஒரு கணக்கு இருக்கவில்லை.

குறையும் இருக்கிறது. செல்போன் வைத்திருக்கும் நகரத்து நடுத்தர வர்க்கம் எண்ணும் இடங்களே அதிகம் பதிவாகின்றன. பண்டேல்கண்டின் ஒரு கிராமத்துக் கிணற்றடிக்கு யார் போகிறார்கள்? போதாக்குறைக்கு, புண்ணியத்துக்காகத் தானியத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டி மாடப்புறாவை மட்டும் வளர்க்கிறோம். தானியத்தைவிட நிழலில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வைப்பது மேல். தினமும் கழுவி மாற்றினால் போதும், பூச்சி தின்னும் பறவையும் பழம் தின்னும் பறவையும்கூட வரும்.

தேதியும் இடமும் சரியாக இருந்தால் பழைய குறிப்புகளையும் ஈபேர்டில் சேர்க்கலாம். எனவே வீட்டில் தாத்தாவின் டைரி எதிலாவது 1978 மே மாதம் எதிர் வேப்பமரத்தில் ஆறு கழுகு என்று எழுதியிருந்தால், அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காங்கிரஸை நிறுவியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம், இந்தியப் பறவைகளைப் பற்றி ஏறத்தாழ 25 ஆண்டுகள் சேர்த்த குறிப்புகள் சிம்லா வீட்டில் இருந்தன. 1880களில் அவர் ஊரில் இல்லாதபோது, வேலைக்காரர் ஒருவர் அந்தக் காகிதங்களைக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். பறவைகள் பற்றி எழுதவிருந்த பெரிய நூலை ஹியூம் கைவிட்டார். பதப்படுத்தி வைத்திருந்த பல்லாயிரம் பறவைகளையும் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.