கை பழகும்... மூளை பழக்கும்!



காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைப் பக்கம் போனால், நெசவாளர் வீடுகளிலிருந்து 'டக்... டக்...' என்று தறிச் சத்தம் கேட்கும். உள்ளே எட்டிப் பாருங்கள். குழிக்குள் கால்கள் மாற்றி மாற்றி மிதிக்கின்றன. ஒரு கை நாடாவை ஓட்டுகிறது. மறு கை நூலை நெருக்குகிறது. கண்கள் அறுந்த இழையைத் தேடுகின்றன. நெசவாளரோ நம்மிடம் பேசிக்கொண்டே நெய்கிறார்!

இது எப்படி முடிகிறது? வேலை செய்வது கைகால்கள்தான். ஆனால், திட்டம் போடுவது மூளை! பெருமூளையின் முன்பகுதி அசைவைத் திட்டமிடுகிறது. அங்கிருந்து புறப்படும் கட்டளை, தண்டுவடம் வழியாகத் தசைகளுக்குப் போகிறது. வலது கைக்கு முக்கியமாகக் கட்டளையிடுவது இடப்பக்க மூளை. இடது கைக்கு வலப்பக்க மூளை!

பின்தலையில் 'சிறுமூளை' இருக்கிறது. மூளையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால், மூளையின் நரம்பு செல்களில் பாதிக்கு மேல் அதில்தான் உள்ளன. நினைத்தது என்ன, நடந்தது என்ன என்று ஒப்பிட்டு, அடுத்த முறை திருத்துவது அதன் வேலை. அதாவது, தவறுதான் அதற்குப் பாடம்! திரும்பத் திரும்பச் செய்தால், யோசிக்காமலே கை ஓடும்.

பட்டுச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் வேறு நிறமாக நெய்வது 'கோர்வை'. அதற்கு நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் நாடா போட வேண்டும். முன்பு அந்த இடத்தில் உங்கள் வயதுச் சிறுவர்கள் பலர் உட்கார்ந்தார்கள். 'சின்ன வயதில்தான் கை பழகும்' என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கைகள் நாடாவைப் பழகின, பென்சிலைப் பழகவில்லை.

உண்மையில், பெரியவர்கள் ஆன பிறகும் மூளை புதிய அசைவுகளைக் கற்கும். தறியைப் பிறகும் பழகலாம். போன பள்ளிப் பருவம் திரும்பி வருமா? 6 முதல் 14 வயதுவரை இலவசக் கல்வி உங்கள் உரிமை என்கிறது, 2009-ல் வந்த சட்டம்.

அந்த உரிமையை வீணாக்காதீர்கள். கையெழுத்து கோணலாக வருகிறதா? சைக்கிளில் விழுந்தீர்களா? கவலை வேண்டாம், சிறுமூளை திருத்திக்கொண்டிருக்கிறது. பந்தைத் தவறவிட்ட நண்பனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவனுக்கு இன்னொரு முறை பந்து போடுங்கள். உங்கள் வயதுப் பிள்ளை எங்காவது வேலை செய்வதைப் பார்த்தால், ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்கும் சொல்லலாம்.

அந்தக் கையும் பென்சில் பிடிக்கட்டும்!

அன்புடன்,
ஆசிரியர்