ஒரு நாள் ஏற ஆபத்தான மலைக்குக் கீழே, 365 நாளும் தூங்கலாமா?



"தீபத்துக்கு ரூம் போட்டாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு. திருவண்ணாமலை போகலாமா, வேண்டாமா?"

2024-ல் ஃபெஞ்சல் புயல் அடிச்ச நாளிலிருந்து வாட்ஸ்அப்பைத் திறந்தாலே இந்தக் கேள்விதான் வந்தது. நியாயமான கவலை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் பாலத்தில் அபாய அளவைத் தாண்டி வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. யாருக்குத்தான் பயம் வராது?

கேள்விக்குப் பதில் இதுதான்: 2024 டிசம்பர் 13 அன்று மகா தீபம் இருந்தது. ஆனால் பக்தர்கள் மலை ஏற அனுமதி தரப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் 2,500 பேரை ஏறவிட்டார்கள். அந்த வருஷம் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்து, ஏறுவது ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகும் பணியாளர்களுக்கு மட்டுமே அனுமதி தரப்பட்டது.

இந்த முடிவை நாம் எதிர்க்கவில்லை. உயிரை வைத்து அரசியல் செய்வது நம் வேலை அல்ல. கீழே நின்று கும்பிட்டாலும் அதே ஜோதிதான். 11 நாள் எரியும், நிதானமா வந்து பாருங்க.

ஆனால் ஆட்சியாளர்களிடம் நமக்கு ஒரு கேள்வி இருக்கு.

ஒரே ஒரு நாள் ஏறி இறங்கும் பக்தருக்கு அந்த மலை ஆபத்து என்றால், அதே மலைக்குக் கீழே 365 நாளும் பிள்ளைகளோடு படுத்துத் தூங்கும் குடும்பங்களுக்கு அது ஆபத்து இல்லையா?

டிசம்பர் 1. வ.உ.சி. நகர். மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்தது. 7 பேர் செத்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள்! ஜூலை 30 அன்று வயநாட்டில் ஊரே மண்ணுக்குள் போனதைப் பார்த்துவிட்டு, நாலு மாசம் என்ன செய்தீர்கள்?

செத்த பிறகு தலைக்கு 5 லட்சம் அறிவிக்கத் தெரிகிறது. சாகும் முன் ஒரு மாற்று இடம் கொடுக்கத் தெரியவில்லையா?

உடனே "ஆக்கிரமிப்பு" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்தத் தெருக்களுக்குக் கரண்ட் கொடுத்தது யார்? ஓட்டுக் கேட்டு அங்கே படியேறியது யார்? அப்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஆக்கிரமிப்பு, பிணம் விழுந்த பிறகுதான் தெரியுமா?

நாம் கேட்பது மூன்று:

✅ மலையை ஆய்வு செய்த அறிக்கையை முழுசா வெளியிடு!
✅ சரிவுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் கணக்கெடு!
✅ ஊருக்கு வெளியே தூக்கி எறியாமல், பிழைப்புக்குப் பக்கத்திலேயே பட்டாவோடு வீடு கொடு!

உறவுகளே, தீபத்துக்கு வாங்க. கிரிவலம் சுற்றுங்க. 14 கிலோமீட்டர் நடக்கும்போது மலையடி வீடுகளையும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. "போகலாமா?" என்று கேட்ட அதே குழுக்களில், "அவங்க எங்கே போவாங்க?" என்றும் கேளுங்க.

பகிருங்கள்! ஆட்சியாளர்கள் காதில் விழும்வரை பகிருங்கள்!

#மலையடி_மக்களுக்கு_மாற்று_வீடு