திறவாத வாயிலும் நம் கடமையும்

மும்பையிலும் தென் குஜராத்திலும் வாழும் நம்மவருள் சிலர், விடுமுறையில் உத்வாடா சென்று திரும்பியதும் ஒரு குறை சொல்வர். "இவ்வளவு தூரம் போனோம், பார்சிகள் தங்கள் கோயிலுக்குள் நம்மை விடவில்லை" என்பதே அது. "நெருப்பைக் கும்பிடுகிறவர்களுக்கு இத்தனை பிகுவா?" என்னும் ஏளனமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அக்குறையும் தவறு, அவ்வேளனமும் தவறு என்பதே நம் வாதம்.

ஏளனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சரதுஷ்டிரர் நெறியினர் வணங்குவது அகுர மஸ்தா என்னும் இறைவனை. நெருப்பு அவனது ஒளிக்கும் தூய்மைக்கும் அடையாளம். கற்பூரச் சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம்மைக் 'கற்பூரம் கும்பிடுவோர்' என்று ஒருவன் சொன்னால் பொறுப்போமா? ஆதஷ் பெஹ்ராம் என்னும் முதல் தரத் திருநெருப்பு தீக்குச்சி உரசி மூட்டியதும் அன்று. குயவன் சூளை, பொற்கொல்லன் உலை, ரொட்டி சுடுவோன் அடுப்பு, பிணம் எரித்த சிதை, வானத்து மின்னல் என 16 வகை நெருப்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பன்முறை தூய்மை செய்து, ஒன்றாக்கி நிறுவுவர். அத்தகையவை இந்தியாவில் எட்டே: மும்பையில் 4, சூரத்தில் 2, நவசாரியிலும் உத்வாடாவிலும் ஒவ்வொன்று.

அவற்றுள் மூத்தது உத்வாடாவின் ஈரான்ஷா. ஈரானைவிட்டு வந்தோர் சஞ்சானில் நிறுவிய அந்நெருப்பு, அவ்வூர் படையெடுப்பில் வீழ்ந்தபின் 12 ஆண்டுகள் பஹ்ரோட் மலையிலும், 14 ஆண்டுகள் பான்ஸ்தாவிலும் காக்கப்பட்டு நவசாரி சேர்ந்தது என்கிறது, 1600ஐ ஒட்டிப் பாரசீக மொழியில் இயற்றப்பட்ட கிஸ்ஸா-இ சஞ்சான். பின்னர் 1742இல் அது உத்வாடாவை அடைந்தது. இன்றைய கட்டடம் 1894இல் எழுந்தது. மூச்சுக் காற்றும் படலாகாதென்று வெண்துணியால் வாயை மறைத்துக்கொண்டே அதன் முன் குருமார் நிற்கின்றனர். நாள்தோறும் ஐந்து வேளை விறகிட்டு வளர்க்கின்றனர். இரயில் சீட்டு வாங்கிய ஒரே காரணத்தால் அவ்விடத்தின்மீது நமக்கு என்ன உரிமை வந்துவிடும்?

"ஈரானின் யஸ்து நகரில் கண்ணாடி வழியே எல்லாரும் காண்கிறார்களே!" என்று சிலர் வாதிடுவர். மெய்தான். ஆனால் அது யஸ்து மக்கள் தாமே விரும்பி அளிக்கும் விருந்து. ஒரு வீட்டில் உண்ட விருந்தைக் காட்டி மறு வீட்டில் இலை போடச் சொல்லலாமா? நம் கோயில்களிலோ கொடிமரத்துக்கு அப்பால் பிற சமயத்தார் செல்லலாகாதென்ற பலகைகள் உள்ளன. பழனிக் கோயில் வழக்கில் 2024 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பலகைகளை வைக்குமாறே ஆணையிட்டது. சென்னை இராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சிக் கோயிலைக் கடந்து செல்லும்போது எழாத கேள்வி, உத்வாடாவில் மட்டும் ஏன் எழுகிறது?

இவ்விதியை எதிர்ப்போரே அவர்களுள் இல்லையோ எனின், உளர். வேற்றுச் சமயத்தாரை மணந்த பெண்டிர் தம் கோயிலுக்குள் செல்லும் உரிமை கேட்டு நீதிமன்றம் ஏறியுள்ளனர். 2001இல் 69,601 ஆக இருந்த பார்சிகள் 2011 கணக்கெடுப்பில் 57,264 ஆகக் குறைந்துவிட்ட நிலையில், அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. பிறந்த நெறியில் பங்கு கேட்பது நீதிக்கான வழக்கு. நாம் கேட்பதோ வேடிக்கை பார்க்க இடம். அப்பெண்டிரின் துயரை நம் ஏமாற்றத்துக்குத் துணைக்கழைப்பது நேர்மையன்று.

ஆகவே உத்வாடாவுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வாயிலுக்கு வெளியே நின்று, எட்டிப் பாராமல், படம் பிடிக்க முயலாமல், அந்நெருப்பின் வரலாற்றைச் சொல்லுங்கள். இடம் தந்த அரசன் கேட்டபடி அவர்கள் தம் மொழியை விட்டனர், உடையை மாற்றினர், ஆயினும் நெருப்பை விடவில்லை என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். மூன்றாம் தலைமுறையின் நாவில் தமிழ் நிற்குமா என்று சங்க மேடைகளில் கவலைப்படுவோர் நாம். எதை விடலாம், எதை விடலாகாது என்று முன்பே முடிவெடுத்த ஒரு புலம்பெயர்ந்த கூட்டத்தாரிடம், "ஏன் உள்ளே விடவில்லை?" என்பதைத் தவிர நமக்குக் கேட்க வேறொன்றும் இல்லையா?