அசையாமலிருக்க வேண்டியவர் யார்?

ஞாயிறு விடியற்காலையில் பெங்களூரு லால்பாக்கிற்குச் செல்வோர், கேமராவுடன் செடிகளின் முன் மண்டியிட்டிருக்கும் சிலரைக் கண்டிருக்கக்கூடும். கண்ணாடி மாளிகையோ பழம்பெரும் பாறையோ அவர்களுக்குப் பொருட்டல்ல. இலைகளின் அடிப்புறமே அவர்களின் உலகம். அக்கூட்டத்தில் நாமும் ஒருவர்.

இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை யாவரும் அறிவர். அம்முசுறைப் போலவே உருக்கொண்டு அதனருகிலேயே வாழும் சிலந்தி ஒன்று உண்டு. நிறமும் ஒடுங்கிய இடையும் எறும்பினுடையவை. முன்கால்கள் இரண்டையும் உணர்கொம்புகளைப் போல் தூக்கி ஆட்டும். முகத்திலுள்ள பெரிய கண்கள் படத்தில் கூர்மையாக விழுந்தாலன்றி அது சிலந்தியென்று எளிதில் தெரியாது. நெடுநாள் நாம் அதை எறும்பென்றே எண்ணியிருந்தோம். ஆயிரக்கணக்கான கையொப்பங்களை ஒப்பிட்டுப் பழகிய வங்கிக் கண்ணுக்கு இது சற்று வெட்கமே.

கூர்மை ஏன் இவ்வளவு அரிது? பொருளின் உருவம் கேமராவின் உணரியில் அதே அளவில் விழுமாறு நெருங்கும்போது, எஃப் 8 துளையில் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். நாம் விடும் மூச்சே அதைவிட அதிகமாகக் கேமராவை நகர்த்திவிடும். துளையை மிகவும் சுருக்கினால் ஆழம் கூடும்; ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மழுங்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்வது. சிலர் பசையிட்டு ஒட்டவும் செய்கிறார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. விடியற்குளிரில் பூச்சிகள் தாமே விறைத்துக் கிடக்கவில்லையா என்று கேட்போர் உளர். கிடக்கின்றனதாம். ஆனால் அவை தாம் தேர்ந்த கிளையில் தங்கி, வெயில் பட்டதும் பறந்து போகின்றன. பிடித்து வைத்த பூச்சியின் படமோ பொய்ச்சான்று. எச்செடியில், எந்நிலையில் அது அமரும் என்பதைத் தவறாகக் காட்டும். பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சித் தளம் போன்றவை பொதுமக்கள் அனுப்பும் படங்களையும் நம்பியிருக்கும் காலத்தில் இது சிறிய பிழையன்று.

நாமும் குற்றமற்றவரல்லோம். வெளிச்சம் போதவில்லையென்று ஒருமுறை ஓர் இலையைத் திருப்பினோம். அடியில் இருந்த சிலந்தியின் முட்டைப்பை கிழிந்தது. படம் மிகக் கூர்மையாக வந்தது. அதை இன்றுவரை எவரிடமும் காட்டவில்லை.

அசையாமலிருக்கப் பழக வேண்டியவர் படமெடுப்பவரே. தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, வேண்டிய உருப்பெருக்கத்தில் லென்ஸை வைத்துக்கொண்டு, உடலை மயிரிழையளவு முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சை வெளிவிட்டபின் வரும் சிறு இடைவெளியே உகந்த நேரம். காற்றில் தண்டு ஆடினால், அடிப்புறத்தை நன்கு பார்த்த பிறகு, அதை இடக்கை விரல்களால் மெல்லப் பிடித்து அக்கையின் மேலேயே லென்ஸைத் தாங்கலாம். தண்டும் கேமராவும் சேர்ந்தே அசையும். குறைந்த ஆற்றலில் வைத்த பிளாஷின் ஒளி நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே நீடிப்பதால் எஞ்சிய நடுக்கமும் படத்தில் தெரிவதில்லை. அவ்வொளியை மென்மையாக்க முன்னால் ஒரு வெண்தாள் போதும்.

தஞ்சையில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், பல பத்தாண்டுகள் பிலிமில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர். கூர்மை வாய்த்ததா என்பது பிலிமைக் கழுவிய பிறகே தெரிந்த காலம் அது. நமக்கோ திரையில் உடனே தெரிகிறது. தவறிய படத்திற்குச் செலவும் இல்லை. இத்தனை வசதிக்குப் பின்னும் பூச்சியை விறைக்கச் செய்ய என்ன அவசரம்?

சென்ற மாதம் முசுறுக் கூட்டருகே 40 படங்கள் எடுத்தோம். 39 மங்கல். எஞ்சிய ஒன்றில் அந்த ‘எறும்பு’ தன் பெரிய கண்களால் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது.